தென்காசிக்கு ஒரு ஓட்டு

தீவு
18 ஜூன் 2023

குழல்,

இந்தக் கடிதம் உன் கைக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்காக வாதாடுகிற வக்கீலம்மா எப்போதாவது விமானத்தில் இங்கே வருகிறார். நான் எழுதிக் கொடுப்பதைப் படம் பிடித்து, நீ வேலை பார்க்கிற இ-சேவை மையத்தின் மெயிலுக்கு அனுப்புவதாகச் சொன்னார். நீயும் அதே வழியில் அனுப்பு. போனில் பேச வாரத்துக்கு ஒரு முறை விடுகிறார்கள்தான். ஆனால் காவலாள் பக்கத்திலேயே நிற்கிறான். நீ அழுகிறாய், நான் சும்மா இருக்கிறேன், நேரம் முடிந்துவிடுகிறது. மனதில் உள்ளதை எழுதினால்தான் உண்டு.

தீவின் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நாலு பக்கமும் கடல், நடுவில் ஒரு ராணுவத் தளம், அதன் ஓரத்தில் வேலி போட்டு எங்கள் கூடாரங்கள். கனடா போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் படகு ஏறினேனே, அதன் இன்ஜின் நடுக்கடலில் நின்றுபோய், இந்தத் தளத்துக் கப்பல்தான் எங்களை இழுத்து வந்தது. அதற்குப் பிறகு முன்னாலும் விடவில்லை, பின்னாலும் விடவில்லை. எலி கூடாரத் துணியைக் கடித்து உள்ளே வருகிறது. மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறோம். நம் குற்றாலத்துச் சாரல் மாதிரி இல்லை, ஆளை அடிக்கிற மழை.

ஏன் போனீர்கள் என்று நூறு தடவை கேட்டுவிட்டாய். பதில் ஒன்றுதான். அப்பா இலங்கை மூதூரிலிருந்து அகதியாக வந்தவர், நான் தென்காசிக்குப் பக்கத்து முகாமில் பிறந்தவன், அதனால் நானும் அகதி. சரி, என் தலையெழுத்து. ஆனால் நிவேதா உன் வயிற்றில், தென்காசி ஆஸ்பத்திரியில் பிறந்தவள். நீ பண்பொழிக்காரி, உன் பாட்டன் பூட்டன் எல்லாம் திருமலைக் குமாரசாமி கோவிலில் பரிவட்டம் கட்டிக்கொண்டவர்கள். அப்படியும், அப்பன் முகாம்காரன் என்பதால் அவள் இந்தியக் குடி இல்லை என்று சட்டம் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்காவது ஒரு நாட்டில் காலை ஊன்றிக்கொண்டு உங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இன்னொன்று. இந்தத் தீவில் முன்பு ஜனங்கள் இருந்திருக்கிறார்கள். தளம் கட்டுவதற்காக அவர்களைக் கப்பலில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்களாம். அது தவறு, அந்த மக்களின் சுயநிர்ணய உரிமை மீறப்பட்டது என்று உலக நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். வக்கீலம்மா ஆங்கிலத்தில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஹம்தான் தமிழில் சொன்னார்: ‘எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு.’ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே வாசகத்தைத்தான் அப்பா இளந்தாரியாக இருந்தபோது மூதூரில் சுவர் சுவராகத் தாரால் எழுதினார், அதற்காகத்தான் ஊரைவிட்டு ஓடிவந்தார். கூடாரத்தில் இருக்கிற எங்களுக்கும் அந்த உரிமை உண்டா என்று கேட்டேன். அது ஒரு மக்களுக்கு உள்ளது, தனி ஆளுக்கு இல்லை என்றார். எத்தனை பேர் சேர்ந்தால் மக்கள் என்று கேட்டேன். ஹம்தான் அதை மொழிபெயர்க்கவில்லை.

நிவேதா என்ன பேசுகிறாள் என்று எழுது. நான் பார்த்தபோது அவள் தவழக்கூட இல்லை.

கோணேசன்


தென்காசி
5 ஜூலை 2023

அத்தானுக்கு,

நிவேதா எல்லாம் பேசுகிறாள். எதிர்வீட்டுச் சொக்கம்மாள் ஆச்சி மடியில் உட்கார்ந்து பூக்கட்டுகிறேன் என்று மல்லிகையைப் பிய்த்துப்போடுகிறாள். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் போனைக் காட்டுகிறாள். அவளுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற இருமல். போதுமா?

உங்கள் கடிதத்தை மையத்தில் அச்செடுத்தபோது கவுண்டருக்கு வெளியே வரிசை நின்றது. இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் நீ இந்த ஊர்க்காரன்தான் என்று சான்று வாங்கிக் கொடுக்கிறவள் நான். என் புருஷனுக்கும் பிள்ளைக்கும் வாங்க முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்தாலும் கோபித்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? முந்தின நாள் வரை ஐந்தருவியில் சலீம் பாய் கடைக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் நாகப்பட்டினத்தில் வேலை என்று போனவர் நீங்கள். கடற்கரையில் நின்றுகொண்டு போனில் கனடா என்கிறீர்கள். சுயநிர்ணயமாம். நீங்கள் தனியாக நிர்ணயம் செய்தீர்கள், நாங்கள் அனுபவிக்கிறோம்.

சீசன் தொடங்கிவிட்டது. சாரல் நன்றாக விழுகிறது. சலீம் பாய் மங்குஸ்தான் கொடுத்துவிட்டார். நீங்கள் எழுதிய போர்டை அழிக்காமல் வைத்திருக்கிறார், எழுத்து வெளுத்துப்போனாலும் வேறு ஆளைக் கூப்பிடவில்லை. மாமா முகாமிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மகனைப் பற்றிப் பேச்செடுத்தால் உலக நீதிமன்றம், தீர்மானம் என்று எங்கேயோ போய்விடுகிறார். அண்ணன் முத்துகுமரன் பண்பொழியில்தான் இருக்கிறான். நம் கல்யாணத்தன்று ஊரைக் கூட்டி, அந்த முகாம்காரன் இந்தப் பக்கம் வந்தால் காலை வெட்டுவேன் என்று சொன்னவன், இன்றுவரை என் வாசல் மிதிக்கவில்லை.

அந்த வக்கீலம்மாவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நம் ஊரில் வக்கீலை நம்பி எந்தக் காரியம் முடிந்திருக்கிறது? திங்கட்கிழமை மனு எடுத்துக்கொண்டு நேரே கலெக்டர் முன்னால் போய் நின்றால்தான் நடக்கும். அங்கேயும் ஒரு கலெக்டர் மாதிரி ஆள் இருப்பார் இல்லையா? அவர் யார் என்று எழுதுங்கள்.

குழல்வாய்மொழி


தீவு
20 ஆகஸ்ட் 2023

குழல்,

திட்டியதை எல்லாம் இரண்டு தடவை வாசித்தேன். ஒரு வரியும் தப்பில்லை.

போன மாதம் இந்தத் தீவின் பழைய ஜனங்களைச் சில நாள் மட்டும் கூட்டிவந்தார்கள். அவர்களுடைய கல்லறைகள் இங்கே இருக்கின்றன, அவற்றைக் கூட்டிப் பெருக்கி, பூ வைத்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டுமாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். என் வயசுக்காரன் ஒருவன் மண்ணில் விழுந்து அழுதான். அவன் பிறந்தது வேறு நாட்டில், இந்த மண்ணை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறான் என்று ஹம்தான் சொன்னார். அழுது முடித்து எழுந்தவன் எங்களைப் பார்த்தான். அவன் ஊரில் நாங்கள் இருக்கிறோம், அவன் விருந்தாளி. கையெடுத்துக் கும்பிட்டேன். அவனும் கும்பிட்டான், எங்கே கற்றானோ.

அதைப் பார்த்த பிறகுதான் கூடாரத்துக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ஓட்டெடுப்பு வைத்தோம். சிரிக்காதே. எங்கள் கதியை நாங்களே சொல்லுவோம் என்று. பிஸ்கட் அட்டையைக் கிழித்துச் சீட்டாக்கி, பால்பவுடர் டின்னில் போட்டோம். இலங்கைக்குத் திரும்புவதா, வேறு ஏதாவது ஒரு நாட்டுக்கு அனுப்பக் கேட்பதா என்று இரண்டே கேள்வி. பெண்களும் போட்டார்கள். எண்ணிப் பார்த்தால் எல்லோரும் வேறு நாடு என்றுதான் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு சீட்டு செல்லாத ஓட்டு. முடிவை எழுதித் தீவின் நிர்வாக அதிகாரியிடம் கொடுத்தோம். அனுமதி இல்லாமல் கூட்டம் போடக் கூடாது என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், அவ்வளவுதான்.

நீ கேட்ட கலெக்டர் அவர்தான். ஆனால் நீ ஒன்றும் செய்யாதே. கார்த்திகை வாக்கில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அதுவரை ஊரில் யாரும் இந்தக் கேஸைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம், யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்பதற்குள் விமானம் கிளம்புகிறது என்று போய்விட்டார். காரணம் இருக்கும். சும்மா இரு, அது போதும்.

கோணேசன்


தென்காசி
28 செப்டம்பர் 2023

அத்தானுக்கு,

சும்மா இருக்க என்னால் முடியாது. அது உங்களுக்கும் தெரியும். இந்தத் தடவை கோபமாக இல்லை, சந்தோஷமாக எழுதுகிறேன்.

நம் ஊரில் ஒருவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வோம்? தெருவே திரண்டு போய், இவன் எங்கள் பையன், நல்ல பையன், நாங்கள் பொறுப்பு என்று சொல்லிக் கூட்டி வருவோம் இல்லையா? அதைத்தான் செய்தேன். தீவு வரை தெரு நடந்து போக முடியாது, அதனால் போனில் வீடியோ பிடித்தேன். டீக்கடை மந்திரமூர்த்தி அண்ணாச்சி சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, கோபுரம் பின்னால் தெரிகிற மாதிரி நின்றார். பேசச் சொன்னதும் முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு பொழிந்துவிட்டார்.

“கோணேசன் எங்க ஊர்ப் பையன். இங்கன அவனுக்கு ஒரு குறையும் வராது. வரவிட மாட்டோம். அவனை அனுப்பி வையுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்.”

சொக்கம்மாள் ஆச்சி பூக்கூடையோடு வந்து, அவனை யாராவது தொட்டுப் பார்க்கட்டும் என்று கேமராவைப் பார்த்து விரலை ஆட்டினார். அப்புறம் பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போனேன். சலீம் பாய், என் கடை எப்போதும் அவன் கடை, என் பிள்ளைகளை விட அவன்மேல் எனக்கு நம்பிக்கை என்றார். அருவிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை என்று மறுபடியும் சொன்னார். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் தாங்களாகவே வந்து நின்றார்கள். கடைசியில் நிவேதா, அப்பா வா என்கிறாள்.

வீடியோவுக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்து நானே போட்டேன். மையத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் போட்டேன். அந்த நிர்வாக அதிகாரியின் அலுவலக மெயிலைத் தேடிக் கண்டுபிடித்து நேரே அனுப்பிவிட்டேன். வக்கீலம்மாவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் யோசிப்பார். கிடைத்தது என்று பதிலும் வந்துவிட்டது, மிக்க நன்றி என்று போட்டிருக்கிறார்கள். மரியாதையான ஆட்கள்தான் போல.

இனி உங்களைக் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு ஊரே உங்களுக்குச் சாட்சி. மாமாவிடம் காட்டினேன். பார்த்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

குழல்


தீவு
26 நவம்பர் 2023

குழல்,

விசாரணை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார் அதிகாரி. அண்ணாச்சி வந்தார், பின்னால் கோபுரம். ஆச்சி வந்தார். பாய் வந்தார், அருவிச் சத்தம் கேட்டது. நான் எழுதிய போர்டு தெரிந்தது. கடைசியில் நம் பிள்ளை. நான் மேஜைமேல் தலையை வைத்து அழுதுவிட்டேன். அதிகாரி தண்ணீர் கொடுத்தார், நல்ல மனுஷர்தான். நான் அழுததையும் எழுதிக்கொண்டார்.

வக்கீலம்மா இரண்டு வருஷமாகக் கட்டிய கேஸ் இதுதான், குழல். எனக்குப் பத்திரமான இடம் என்று உலகத்தில் எதுவும் இல்லை. இலங்கைக்குப் போனால் அப்பா பெயரைச் சொல்லிப் பிடிப்பார்கள், இந்தியாவில் குடியுரிமை இல்லை, எந்த நேரமும் இலங்கைக்கு அனுப்பிவிடலாம். ஆகவே மூன்றாவது நாடு தர வேண்டும். அதற்குத்தான் வாயைத் திறக்காதே என்றார். பாதுகாக்க ஆள் இருக்கிறது, கடை இருக்கிறது, ஒரு ஊரே கூப்பிடுகிறது என்று நீ அனுப்பினாய்.

அதிகாரி கேட்டார். ஹம்தான் அதைத் தமிழில் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

“இது உங்கள் ஊரா?”

வக்கீலம்மா என்னையே பார்த்தார். இல்லை என்று சொல்லு என்று அவர் கண் சொன்னது. அந்த முகாமில் போலீஸ் வந்து ஆள் எண்ணுவார்கள், வெளியே தங்க அனுமதி கேட்க வேண்டும், அது ஊர் இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. எல்லாம் உண்மையும்கூட. ஆனால் என்னிடம் யாரும் இதுவரை இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை, குழல். இந்தியா கேட்கவில்லை, இலங்கை கேட்கவில்லை. எல்லோரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், கேட்டதில்லை. கேட்டவுடன் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“ஆமா. அது எங்க ஊர்.”

இந்தியாவில் பத்திரமாக வாழ முடிந்தவர், மூன்றாவது நாட்டுக்குத் தகுதி இல்லை என்று முடிவு வந்துவிட்டது. என்னை எடுத்துக்கொள்ளும்படி இந்தியாவைக் கேட்டார்களாம். அப்படி ஒரு ஆள் எங்கள் குடி இல்லை என்று பதிலாம்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ வீடியோதான் அனுப்பினாய். ஆமா என்றது நான்.

கோணேசன்


தென்காசி
29 டிசம்பர் 2023

அத்தான்,

உங்களை நான்தான் கொன்றேன். வேறு என்ன சொல்ல. காரணம் தெரியாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம், பாவி நான் இருந்தேனா?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்துப் பழகின கை, என் மனுவை மூன்று தடவை கிழித்துப்போட்டு எழுதியது. என் கணவரைத் திரும்பக் கூப்பிடுங்கள், ஊரே பொறுப்பு ஏற்கிறது என்று எழுதினேன். அகதிகள் பிரிவு அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். முகாமைவிட்டு அனுமதி இல்லாமல் போன அன்றே பெயரை நீக்கிவிட்டார்களாம். இப்போது அவர் எங்கள் கணக்கில் அகதியும் இல்லை, குடிமகனும் இல்லை, இல்லாத ஆளை எங்கிருந்தும்மா கூப்பிடுவது என்றார். தீவில் தென்காசிக்காரர் என்று கழிக்கிறார்கள், தென்காசியில் யார் என்றே தெரியாது என்கிறார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன், எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியவில்லை.

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். அவருக்காக ஹம்தான்தான் தமிழில் பேசினார். இந்த ஊரில் உங்களுக்கு ஆபத்து என்று பலமான சாட்சி கிடைத்தால் மறுபடியும் கேட்டுப் பார்க்கலாமாம். யோசித்தேன். உங்களை வெட்டுவேன் என்று ஊரறியச் சொன்னவன் ஒருவன் இருக்கிறானே. வெட்கத்தை விட்டுப் பண்பொழிக்குப் போனேன்.

அண்ணன் வயலில் மோட்டார் ரூம் பக்கம் நின்றான். என்னைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டான். அன்றைக்கு ஊரைக் கூட்டிச் சொன்னதை இன்றைக்கு இந்தப் போனில் ஒரு தடவை சொல்லு, அது போதும், என் புருஷன் பிழைத்துக்கொள்வார் என்றேன். விஷயத்தை எல்லாம் விவரமாகச் சொன்னேன். சொல்லுகிறேன் என்றுதான் போன் முன்னால் நின்றான், அத்தான்.  ஆனால் மடைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏட்டி, அன்னைக்கு ஆத்திரத்துல சொன்னேன். நம்ம வீட்டு மாப்பிள்ளையை வெட்டுவேன்னு இன்னைக்கு நான் எப்படிட்டி சொல்லுவேன்? அவரு வரட்டும். பிள்ளையைக் கூட்டிட்டு வா, நான் பாக்கணும்.”

இத்தனை வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. மாப்பிள்ளை என்று அவன் சொல்ல மாட்டானா என்று எத்தனை நாள் நீங்களும் நானும் பேசியிருப்போம். அது வந்து விழுந்த நேரத்தைப் பார்த்தீர்களா. பொய்யாவது சொல்லுடா என்று அவன் காலைப் பிடித்தேன். அவனும் வரப்பில் உட்கார்ந்து அழுகிறான். போன் எல்லாவற்றையும் பிடித்துவிட்டது. அதை அழிக்கவும் மனசில்லை, யாருக்கும் அனுப்பவும் வழியில்லை.

அடுத்த விசாரணை என்று ஒன்று வந்தால் எங்களைத் தெரியாது என்று சொல்லுங்கள். கல்யாணமே ஆகவில்லை, அவள் யாரோ பைத்தியம் என்று சொல்லுங்கள். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

குழல்


தீவு
24 மார்ச் 2024

குழல்,

மச்சான் என்னை மாப்பிள்ளை என்று சொன்னதை வாசித்துவிட்டு வெளியே போய் நின்றேன். வேலிவரை நடந்தேன். எனக்கு அது போதும் என்று எழுத ஆசைதான். ஆனால் போதாது.

மற்றவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள். ஏதோ ஒரு நாடு சம்மதித்துவிட்டது. கூடாரத்துப் பெண்கள் துணி மூட்டை கட்டுகிறார்கள், பிள்ளைகளுக்குச் செருப்பு கொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் நான் இல்லை. தீவும் கைமாறப் போகிறது என்று பேச்சு, இரண்டு அரசாங்கம் உட்கார்ந்து பேசுகிறதாம். அன்றைக்கு மண்ணில் விழுந்து அழுதானே, அவனை யாரும் இந்தத் தடவையும் கேட்கவில்லை என்று ஹம்தான் சொன்னார். உரிமை உண்டு என்று உலக நீதிமன்றம் சொன்ன ஜனத்துக்கே அந்தக் கதி என்றால், நான் ஒற்றை ஆள் எந்த மூலைக்கு.

எனக்கு இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். இலங்கைக்குப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் விமானம். போடாவிட்டால் இங்கேயே, இந்தக் கூடாரத்தில், எதுவரை என்று அவர்களுக்கே தெரியாது. இலங்கைக்குப் போனால் அங்கே பிடித்தாலும் பிடிப்பார்கள், விட்டாலும் விடுவார்கள். விட்டால்கூட இந்தியாவுக்குள் எனக்கு விசா கிடைக்காது, களவாகப் போனவன் என்று பெயர் இருக்கிறது. நிவேதாவுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை, அவளைக் கூட்டிக்கொண்டு நீ வரவும் முடியாது. நம் மூன்று பேரில் கடல் தாண்ட முடிந்தவள் நீ மட்டும்தான், பிள்ளையை விட்டுவிட்டு.

அன்றைக்கு ஓட்டெடுப்பில் ஒரு சீட்டு செல்லாமல் போனது என்று எழுதினேனே, அது என் சீட்டு. கொடுத்த இரண்டையும் அடித்துவிட்டுத் தென்காசி என்று எழுதிப் போட்டேன். டின்னைத் திறந்து எண்ணியவர்கள் எவன்டா இவன் என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வாழ்க்கையில் நானாக எடுத்த முடிவு இரண்டு. உன்னைக் கட்டியது ஒன்று, படகு ஏறியது ஒன்று. ஒன்றால் உனக்குப் பிறந்த வீடு போனது, மற்றதால் புருஷன் போனான். இனி எனக்கு முடிவெடுக்கத் தெம்பு இல்லை. நீ சொல்லு. போ என்றால் போகிறேன், இரு என்றால் இருக்கிறேன். அடுத்த தடவை வக்கீலம்மா வரும்போது பதில் கேட்பார்கள்.

கோணேசன்


தென்காசி
20 ஏப்ரல் 2024

அத்தானுக்கு,

என் தலையில் கட்டிவிட்டீர்கள். சண்டை போடவும் எதிரில் ஆள் இல்லை.

நேற்று இங்கே பாராளுமன்ற ஓட்டு. நிவேதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றேன். விரலில் மை வைத்தார்கள். பொத்தானை அழுத்தினேன், பீப் என்று சத்தம் வந்தது, செல்லுகிற ஓட்டு. யாருக்குப் போட்டேன் என்று வெளியே வரும்போதே மறந்துவிட்டது. தனக்கும் மை வேண்டும் என்று பிள்ளை ஒரே அழுகை. வீட்டில் ஸ்கெட்ச் பேனாவால் வைத்துவிட்டேன்.

மாமா வந்திருந்தார். உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அதை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு வீட்டிலேயே ஓட்டெடுப்பு வைப்போம் என்றார்.

“இதுக்குப் பேர் சர்வசன வாக்கெடுப்பு, பிள்ளை. எங்கட சனத்துக்கு வேணுமெண்டு நாங்கள் அம்பது வருசமாக் கேட்டம். ஒருத்தரும் வைக்கேல்ல. நாங்களே வைப்பம்.”

நானே தனியாகச் சொல்லிவிட்டு ஆயுசுக்கும் அதைச் சுமக்கக் கூடாது என்றுதான் அவர் அப்படிச் சொன்னார், எனக்குப் புரிந்தது. நிவேதாவுக்கு எழுத்து தெரியாது, அதனால் சீட்டில் படம் போட்டேன். இலங்கைக்கு விமானம், தீவுக்குக் கூடாரம். அப்பா விமானத்தில் போகட்டுமா, கூடாரத்தில் இருக்கட்டுமா, எதுவோ அதைத் தொட்டு ஒரு புள்ளி வை என்று சொன்னேன். எதில் அப்பா வீட்டுக்கு வரும் என்று கேட்டாள். நான் பேனாவை அவள் கையில் கொடுத்தேன். மாமா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அரிசி டப்பாவில் போட்டு எண்ணினோம். மாமா சீட்டு விமானம். செத்தாலும் பிழைத்தாலும் மகன் மூதூர் மண்ணை மிதிக்கட்டும் என்று நினைத்திருப்பார், நான் கேட்கவில்லை. என் சீட்டு கூடாரம். மூன்றாவது நிவேதாவுடையது. புள்ளியே இல்லை. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு முக்கோணமும் அதன்மேல் கோடும். என்னட்டி இது என்று கேட்டேன், கோவில் என்றாள். தெருமுனையில் தினமும் பார்க்கிற கோபுரம். பக்கத்தில் ஒரு குச்சி ஆள்.

“அப்பா இங்கன நிக்கு.”

அந்தச் சீட்டை மாமா கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்பிறகு, செல்லாது என்றார். சொல்லிவிட்டு அதை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான்தான் பிறகு கேட்டு வாங்கினேன்.

ஒன்றுக்கு ஒன்று, மூன்றாவது செல்லாது. ஆக முடிவு மறுபடியும் என்னிடமே வந்துவிட்டது. ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்து எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே போனால் உங்களை இலங்கைக்காரர் என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுவார்கள். பிறகு தென்காசிக்கு நீங்கள் யாரோ. தீவில் இருக்கிறவரைதான் இது உங்கள் ஊரா என்று ஒருவன் கேட்டதும், நீங்கள் ஆமா என்றதும் முடியாமல் கிடக்கும். அதை முடியவிடாதீர்கள். எலி கடிக்கிற கூடாரத்தில் தனியாக இருங்கள் என்று கட்டின பெண்டாட்டி எழுதுகிறேன். நாளைக்குப் பிள்ளை வளர்ந்து, அப்பாவை ஏன் அங்கே விட்டாய் என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன் என்று தெரியவில்லை. அன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணன் இப்போது வாரம் தவறாமல் வருகிறான். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று அவனும் கேட்கத் தொடங்கிவிட்டான். அவனுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிவேதாவின் சீட்டையும் இதோடு படம் பிடித்து வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் அங்கே யாரிடமும் காட்டிவிடாதீர்கள்.

குழல்